பங்குக் கிணறும் தொடர்மாடி வீடும்

வீடு வாசல் பகுதி



சென்ற இதழில் வாடகை வீடு பார்க்கப் போகும்போது கையோடு கொண்டு போகவேண்டிய பத்திரங்கள் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தவர்களில் ஒரு அண்ணை வாடகை பற்றிக் கதைக்கவில்லை. "தம்பி, கொலோனுக்கு வடக்குப் பக்கத்திலை ஒரு தொடர்மாடி வீடு விலைக்கு வந்திருக்கு. 82 சதுர மீற்றர். 129,000 யூரோ. இந்த விலைக்கு இனி எங்கை கிடைக்கும்? வாற மாதம் நொத்தாரிசிட்டைக் கையெழுத்து. நீரும் ஒருக்கா வந்து பாரும்" என்றார்.

ஐந்து பேர் கொண்ட குடும்பம். இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மூத்த பிள்ளை குசினி மேசையில்தான் படிக்கிறது. அந்த அக்கா புது வீட்டுக்குத் திரைச்சீலை கூடப் பார்த்து வைத்துவிட்டா. நான் போய்ப் பார்த்தேன். வீடு நல்ல வீடு. வெளிச்சம், காற்று, பல்கணி எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் தரகரிடம் கேட்டது சுவரையும் தரையையும் பற்றி அல்ல. "கடைசி மூன்று வருடக் கூட்டங்களின் புறொற்றொக்கோல் தாருங்கள்" என்று கேட்டேன். அண்ணைக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முதல் எனக்கும் விளங்கியிராது. விளங்காததால் எனக்கு வந்த நட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்கம்தான், ஆனால் உங்களில் ஒருவருக்காவது பயன்படட்டும்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். ஜேர்மன் மொழியும் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பழகியதுதான். 2021ஆம் ஆண்டு, றைன் நதிக்கு வலப்பக்கத்தில், 1970களில் கட்டிய ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி வீட்டை 189,000 யூரோவுக்கு வாங்கினோம். மொத்தம் 48 வீடுகள். அப்போது வட்டி மிகவும் குறைவு. 170,000 யூரோ கடனுக்கு 1.2 வீதம் வட்டி, 2.5 வீதம் முதல் கழிவு என்று மாதம் 524 யூரோ வந்தது. ஹவுஸ்கெல்ற் 340. இரண்டும் சேர்த்து 864. அதுவரை நாங்கள் சூடாக்கலோடு கொடுத்த வாடகை 880. "வாடகையை விடக் குறைவு, வீடும் எங்களுக்கு" என்று மனைவிக்குக் கணக்குக் காட்டினேன். கடதாசியில் பிழையில்லாத கணக்கு.

2023 வசந்த காலத்தில் தடித்த கடிதம் ஒன்று வந்தது. இருபத்தேழு பக்கம். வீட்டு உரிமையாளர் கூட்டத்துக்கான அழைப்பு. அந்தக் கிழமை எனக்குப் பின்நேர ஷிப்ற். கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தேன். வைத்தது வைத்ததுதான். கூட்டத்துக்கு 17 வீட்டுக்காரர்தான் நேரிலோ ஆள் மூலமோ வந்திருக்கிறார்கள். அதில் 11 பேர் கைதூக்க, கூரையும் லிப்ற்றும் திருத்துவதென்று முடிவாகிவிட்டது. சேமிப்பில் இருந்த காசு போதாமல் மேலும் 400,000 யூரோ சொண்டர்உம்லாகெ, அதாவது எல்லோரிடமும் விசேடமாகத் தண்டுவது. என் பங்கு ஆயிரத்தில் 22. எனவே 8,800 யூரோ, இரண்டு தவணையில்.

"48 வீட்டில் 11 பேர் எப்படி முடிவெடுக்கலாம்?" என்று நான் குதித்தேன். எடுக்கலாம். முன்பு பாதிக்கு மேற்பட்ட பங்குக்காரர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி இருந்தது. 2020 டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது எடுபட்டுவிட்டது. இப்போது எத்தனை பேர் வந்தாலும் கூட்டம் செல்லும், அளிக்கப்பட்ட வாக்கில் பெரும்பான்மைதான் முடிவு. வராதவரையும் அது கட்டும். பிழையான முடிவென்று நினைத்தால் நீதிமன்றம் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் வழக்கு வைக்கவேண்டும். அந்த மாதம் கூட்டம் நடந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, புறொற்றொக்கோல் எங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. எங்களுக்கு அது ஐந்து கிழமை கழித்துத்தான் வந்தது.

கூரை ஒழுகியது உண்மை. போயிருந்தாலும் திருத்தச் சொல்லித்தான் நானும் கை தூக்கியிருப்பேன். ஆனால் வேறு கொம்பனியிடமும் விலை கேட்டீர்களா, இரண்டு தவணையை ஆறு தவணையாக்க முடியாதா என்று கேட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை. சீட்டைக் கழிவு கூறி நட்டத்துக்கு எடுத்தேன். மனைவியின் காப்பு ஒரு சோடி போனது. அதை அவ இன்றுவரை சொல்லிக் காட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

இது ஏன் எங்கள் ஆட்களுக்கு விளங்குவதில்லை என்று யோசித்தால், ஊரில் வீடு என்பது வேறு விதம். காணி எங்கள் காணி, வேலி எங்கள் வேலி. கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவதும் மாற்றாமல் விடுவதும் எங்கள் பாடு. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருந்து பழகியவர்கள் சிலரைத் தவிர, மற்றவர்களுக்கு மேலும் கீழும் வேறு வீடு இருப்பதே புதுசு. ஆனால் ஒன்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்: பங்குக் கிணறு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றில் எனக்குப் பங்கு உண்டு, ஆனால் அது எனக்கு மட்டும் உரியதல்ல. கிணறு கலக்கி இறைக்கிற நாளில் ஒவ்வொரு பங்காளியும் காசோ கையுதவியோ கொடுக்கவேண்டும். "நான் இந்த வருடம் தண்ணி அள்ளவில்லை" என்று சொல்லித் தப்பமுடியாது.

இங்கே தொடர்மாடியில் நாங்கள் வாங்குவது உள்ளுக்குள் இருக்கும் அறைகளும், அதோடு ஒரு பெரிய பங்குக் கிணறும். கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு, லிப்ற், நிலக்கீழ் குழாய், பொதுச் சூடாக்கி எல்லாம் பொது. பொதுவாக யன்னலும் பொதுவில்தான் சேரும், கண்ணாடி எங்கள் அறையில் இருந்தாலும். எது தனி, எது பொது, உங்கள் பங்கு ஆயிரத்தில் எத்தனை என்பதெல்லாம் ரைலுங்ஸ்எர்க்லேறுங் என்ற பத்திரத்தில் இருக்கும். வாங்க முதல் அதை வாசிக்காதவர் உறுதி பார்க்காமல் காணி வாங்குகிறவர் மாதிரி.

இந்தச் சட்டம் வந்த கதையும் சுவாரசியமானது. 1900ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜேர்மனியில் நிலம் யாருடையதோ அவருடையதுதான் கட்டிடமும். ஒரு மாடியை மட்டும் தனியாகச் சொந்தமாக்க வழியில்லை. யுத்தம் முடிந்தபோது கொலோனின் உள்நகரம் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இலட்சக்கணக்கில் வந்து நின்றார்கள். காணி வாங்க வசதியில்லாதவரும் ஒரு வீட்டைச் சொந்தமாக்கட்டும் என்றுதான் 1951 மார்ச்சில் தொடர்மாடி உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இடம்பெயர்ந்த சனம் நிறைந்திருந்த காலத்துச் சட்டம். எங்களுக்கு அது பொருந்துவதில் ஆச்சரியமில்லை.

இனி விலை ஏன் மலிவாக இருக்கிறது என்பதற்கு வருவோம். கொலோனில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மெஷெனிக்கில் கோல்ன்பேர்க் என்று 1970களில் எழுப்பிய ஒன்பது கட்டிடங்கள் நிற்கின்றன, உயர்ந்தது 26 மாடி. 1,300 அளவில் வீடுகள். அவை தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. பலர் முதலீட்டுக்காக வாங்கிவிட்டு அங்கே குடியிருந்ததே இல்லை. அத்தனை முதலாளிகளை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். மற்றது ஹொர்வைலர். அங்கே உயரமான கட்டிடங்களில் ஏறத்தாழ 1,200 வாடகை வீடுகள் வருடக்கணக்காக நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் பராமரிப்பில்லாமல் கிடந்தன. 2016இல் நகரசபைக்குப் பெரும்பங்குள்ள காக் என்ற வீட்டுக் கொம்பனி, 1913இல் தொடங்கியது, அவற்றை மொத்தமாக வாங்கித் திருத்த வேலையைத் தொடங்கியது. ஒரே முதலாளி என்றபடியால் ஒரே முடிவு.

பழைய உயர்ந்த கட்டிடத்தில் மலிவாக வீடு வந்தால், விற்பவர் முட்டாள் என்று நினைக்கவேண்டாம். வரப்போகிற செலவு அவருக்குத் தெரிந்திருக்கலாம். சொண்டர்உம்லாகெ முடிவான நாளில் யார் முதலாளி என்பதல்ல கணக்கு. காசு கட்டவேண்டிய நாளில் குறுண்ட்பூஹ் என்ற காணிப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பார்கள். உயர்நீதிமன்றம் 2017இல் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. "எனக்கு முதல் இருந்தவர் காலத்து முடிவு" என்பது எடுபடாது. விற்பவர் தான் கட்டவேண்டும் என்றால் அதை நொத்தாரிசு ஒப்பந்தத்தில் எழுதுவிக்கவேண்டும்.

அண்ணையின் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். தரகர் பத்து நாள் இழுத்தடித்துத்தான் புறொற்றொக்கோல்களை அனுப்பினார். என் மகளை வைத்துக்கொண்டு இரண்டு இரவு வாசித்தேன். 96 வீடுகள் உள்ள கட்டிடத்தில் றுக்லாகெ, அதாவது பராமரிப்புச் சேமிப்பு, 38,000 யூரோ. வீட்டுக்கு 400 யூரோ கூட வராது. 2024 கூட்டத்தில் வெளிச்சுவர்க் கொங்கிறீற்றைப் பரிசோதிக்க ஒரு நிபுணரைப் பிடிக்க முடிவு. அடுத்த கூட்டத்தில் நிபுணரின் அறிக்கை வாசித்து, "மேற்கொண்டு தீர்மானம் பிற்போடப்பட்டது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹவுஸ்கெல்ற் ஏற்கனவே மாதம் 560.

"அண்ணை, அறிக்கையை முழுதாகப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ" என்றேன். தரகர் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். காத்திருந்தது உண்மைதான், வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அண்ணை என்னைக் குறை சொல்லவில்லை. அக்கா இன்னும் என் மனைவியோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பிள்ளை இன்னும் குசினி மேசையில்தான் படிக்கிறது. அந்தக் கட்டிடத்தில் வெளிச்சுவர் வேலை ஐந்து வருடம் தள்ளிப் போகவும் கூடும். அப்படிப் போனால் நான் சொன்னது பிழை என்று அவ சொல்லுவா. ஆனாலும் அதே கடதாசியை நாளைக்கு இன்னொருவர் கொண்டுவந்து காட்டினாலும் இதையேதான் சொல்லுவேன்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கவேண்டியது: மூன்று வருடப் புறொற்றொக்கோல், இந்த வருட வரவுசெலவுத் திட்டம், பெர்வால்ற்றர் வருடம் ஒருமுறை கட்டாயம் கொடுக்கவேண்டிய சொத்து அறிக்கை. அந்த அறிக்கையில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று எழுதியிருக்கும். லிப்ற்றுக்கும் சூடாக்கிக்கும் எத்தனை வயது என்றும் கேளுங்கள். தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடலாம்.

காசுக் கணக்கிலும் எங்கள் ஆட்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வீட்டு விலை மட்டும் விலையல்ல. நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் 2015 முதல் வாங்கும் வரி 6.5 வீதம். தரகர் இருந்தால் பெரும்பாலும் 3.57 வீதம் எங்கள் பக்கம். 2020 டிசம்பர் சட்டத்துக்குப் பிறகு குடியிருக்க வாங்குபவரின் தலையில் பாதிக்கு மேல் கட்டமுடியாது. நொத்தாரிசும் பதிவும் ஏறத்தாழ 2 வீதம். என் 189,000 யூரோ வீட்டுக்கு இவை மட்டும் கிட்டத்தட்ட 23,000. இதற்கு வங்கி இலகுவில் கடன் தராது, கைக்காசு வேண்டும். கைக்காசு என்றதும் கட்டுக்கட்டாக என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் வீடு காணிக்கு ரொக்கமாகக் கொடுப்பது தடை. சீட்டுக் காசை மேசைக்குக் கீழால் கொடுத்து விலையைக் குறைத்து எழுதுவோம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

வட்டியும் 2021 போல் இல்லை. 2023இல் 4 வீதத்தைத் தொட்டது. என்னுடைய அதே 170,000 யூரோவுக்கு 4 வீதத்தில் மாதம் 920 யூரோ வரும், 524 அல்ல. அத்தோடு ஷிப்ற் காசை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீலில் உள்ள போர்ட் தொழிற்சாலையை 2026 ஜனவரியிலிருந்து ஒரே ஷிப்ற் ஆக்கப் போவதாக 2025 செப்டெம்பரில் அறிவித்தார்கள். போர்ட்டே அப்படியென்றால் எங்கள் சின்னத் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா? இரவு வேலைப் படியைக் கழித்துவிட்டு மிஞ்சும் சம்பளத்தில் கடன் கட்ட முடிந்தால் மட்டும் துணியலாம்.

புதிதாக வந்த சிலர் கேட்கிறார்கள், ஜேர்மன் பிரஜாவுரிமை இல்லாமல் வீடு வாங்கலாமா என்று. வாங்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் வீடு வாங்கினால் வதிவிட அனுமதி கிடைக்கும் என்று ஊரில் கதைக்கிறார்களாம், அது சுத்தப் பொய். கடன் தருவதா என்பதை வங்கி உங்கள் வதிவிட அட்டையையும் சம்பளத்தையும் பார்த்து முடிவுசெய்யும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு என்ஆர்வே வங்கியின் அரச கடன் ஒன்று இருக்கிறது. நகரசபை வீட்டுப் பகுதியில் விசாரியுங்கள், ஆனால் கையெழுத்து வைப்பதற்கு முதல்.

நொத்தாரிசு ஒப்பந்தத்தின் வரைவு, கொம்பனியிடம் வாங்குவதென்றால், இரண்டு கிழமைக்கு முதலே உங்கள் கைக்கு வரவேண்டும். தனியாரிடம் வாங்கினாலும் கேட்டு வாங்கி யாரிடமாவது காட்டுங்கள். மொழி விளங்காவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவர் வாசித்து முடிக்கக்கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். சொந்தப் பிள்ளை அங்கே மொழிபெயர்க்கச் சட்டம் விடாது. பிள்ளைக்கும் அந்தப் பாரம் வேண்டாம். காசு அனுப்புவதும் நொத்தாரிசு "இனிக் கட்டலாம்" என்று கடிதம் போட்ட பிறகுதான், விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

ஏற்கனவே வாங்கி இருப்பவர்களுக்கு ஒரு சொல். கூட்டத்துக்குப் போங்கள். அழைப்பு மூன்று கிழமைக்கு முதல் வரவேண்டும் என்பது விதி. ஷிப்ற் மாற்ற அது போதும். முடியாவிட்டால் பொல்மாக்ற் எழுதி ஒருவரை அனுப்புங்கள், இப்போது ஈமெயிலில் எழுதினாலும் செல்லும். ஆனால் யாரை அனுப்பலாம் என்று ரைலுங்ஸ்எர்க்லேறுங்கில் கட்டுப்பாடு இருக்கலாம், பாருங்கள். வெறும் பொல்மாக்றில் கையெழுத்து வைத்து பெர்வால்ற்றரிடம் கொடுத்தால் அவர் விருப்பப்படி வாக்குப் போடுவார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்று எழுதிக் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத கடிதத்தை வெர்பிறௌஹர்சென்றாலெயின் கொலோன் அலுவலகத்தில் காட்டலாம். தொடர்மாடி வீட்டுக்காரருக்கென்றே வோனன் இம் ஐகன்ரூம் என்ற சங்கம் பக்கத்தில் பொன் நகரில் இருக்கிறது, அங்கத்தவருக்கு ஆலோசனை சொல்வார்கள்.

நான் 2024இல் முதல் தடவை போனேன். ஒரு மூலையில் இருந்தேன். நாலாம் மாடியில் இருக்கும் துருக்கிக்காரர், பென்சன் எடுத்தவர், பக்கத்தில் வந்து இருந்து, "நானும் முதல் பத்து வருடம் வரவில்லை, இரண்டு தடவை அடி வாங்கினேன்" என்று என் தொழிற்சாலை ஜேர்மனுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். லிப்ற் வேலையின் கடைசிப் பில் விலைமதிப்பை விட ஏன் கூடியது என்று நான் எழும்பிக் கேட்டேன். வசனம் பிழை பிழையாகத்தான் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதே கேள்வி வேறு மூன்று பேருக்கும் இருந்திருக்கிறது.

இந்த வருட அழைப்பும் போன கிழமை வந்துவிட்டது. முப்பத்தொரு பக்கம். ஒன்பதாம் இலக்கம் சூடாக்கி. துருக்கிக்காரரும் நானும் ஞாயிற்றுக்கிழமை தேநீரோடு இருந்து வாசிக்கப் போகிறோம். அந்த அண்ணையையும் வரச் சொல்லியிருக்கிறேன், வாங்குவதற்கு முதல் ஒரு கூட்டத்துக் கடதாசி எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும். அக்காவும் வருவதாகச் சொன்னாராம்.

அடுத்த இதழில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருடக் கடைசியில் வரும் நேபன்கொஸ்ற்றன் கணக்கைச் சரிபார்ப்பது பற்றி எழுதுகிறேன். கடந்த வருடக் கணக்குக் கடிதம் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள்.